அடுத்த வீட்டுக்குப் போன வயர்

வயர் எங்கேயோ சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நமசிவாயம் மாடிப் பல்கனியில் குந்தியிருந்து இரண்டு கைகளாலும் இழுத்தார். செம்மஞ்சள் நிறத்தில் நீளமான வயர். பல்கனிக் கம்பிகளுக்கு ஊடாகப் போய், நாலடி இடைவெளியைக் கடந்து, பக்கத்து வீட்டு ஹமீட்டின் குசினி ஜன்னலுக்குள் நுழைந்திருந்தது. மூன்று நாளாக அங்கேயே கிடந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்ற நினைப்பு வந்தவர் இவர் ஒருவர்தான். அவருக்கோ அதைத் தொடக் கை வரவில்லை.

இன்றைக்கு விட்டால் முடியாது. எட்டு மணிக்கு மலர்ச்சாலைக்காரர் அவருடைய மனைவி சிவக்கொழுந்தின் உடலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். ரொறன்ரோவில் இருந்து வந்திறங்கிய மகள் உஷாந்தி உள்ளறையில் அசந்து படுத்திருக்கிறாள். அவள் எழும்பிப் பல்கனிக்கு வந்து, "இதென்னப்பா வயர்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

ஜன்னலில் ஹமீட்டின் மனைவி பலீலாவின் முகம் தெரிந்தது. அழுது வீங்கிய முகம். அவள் உள்ளே குனிந்து, பிளக்கைக் கழற்றி, வயரின் முனையை வெளியே விட்டாள்.

"அங்கிள்..." என்றாள்.

நமசிவாயம் வயரைச் சுருட்டி, சிவக்கொழுந்தின் கட்டிலுக்குக் கீழே, ஒட்சிசன் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். எழுபத்திரண்டு வயதில், களவெடுத்த பெடியனைப் போல உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சிவக்கொழுந்துக்கு இரண்டு வருடமாக நுரையீரல் சுருங்கும் வருத்தம். அந்த மெஷின் காற்றில் இருந்து ஒட்சிசனைப் பிரித்து, மெல்லிய குழாயால் அவளுடைய மூக்குக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் மெஷின் நிற்கும். அதற்காகக் கட்டில் தலைமாட்டில் ஒரு சிலிண்டரும் நின்றது. போன வருடம் உஷாந்தி கூரையில் சோலார் தகடுகளும், மாடிப்படிச் சுவரில் ஒரு பெரிய பற்றரிப் பெட்டியும் பூட்டுவித்தாள். பூட்ட வந்த சிங்களப் பெடியன் றொஹான் தனக்குத் தெரிந்த தமிழில் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

"அங்கிள், மேக... இது அம்மாட மெஷினுக்கு. லைட், ஃபேன் ஓகே. கேத்தல், அயன், ஓவன் எப்பா, வேணாம். பத்து மணித்தியாலம் நிக்கும். ஓவன் போட்டா, ஃபினிஷ்!"

நமசிவாயம் தலையை ஆட்டினார். அடுத்த கிழமையே சிலிண்டரை வாடகைக்குத் தந்தவர்களிடம் திருப்பி அனுப்பினார்.

"வீட்டுக்குள்ளயே பவர் ஸ்டேஷன் இருக்கேக்கை உந்த இரும்புக் குண்டு என்னத்துக்கு?"

"கிடக்கட்டுமேயப்பா. அது என்ன, சாப்பாடோ கேக்குது?" என்றாள் சிவக்கொழுந்து.

அவர் கேட்கவில்லை. மனுசனைக் கெட்டவர் என்று யாரும் சொல்லமுடியாது. முப்பத்தாறு வருடம் ஒரு அரசாங்கத் திணைக்களத்தில் ஃபைல் கோவைகள் தூக்கியவர். ஒருநாள்கூட ஒருவரும் நன்றி சொன்னதில்லை. இப்போது கரண்ட் போகும்போதெல்லாம் வெள்ளவத்தையின் அந்த ஒழுங்கை முழுக்க இருள, அவருடைய மாடி மட்டும் பளிச்சென்று நிற்கும். ஒழுங்கைச் சனம் போன் சார்ஜ் பண்ண வரும். "ஐயா இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது?" என்று சொல்லும். நமசிவாயம் பல்கனியில் திருவிழா உபயகாரர் போல நிற்பார். அந்தப் புகழ் அவருக்குச் சர்க்கரைப் பொங்கல்.

போன திங்கட்கிழமை. நோன்பு காலம். மத்தியானத்தில் இருந்தே வானம் மூடிக்கிடந்தது. கூரைத் தகடுகளில் இருந்து ஒன்றும் பெரிதாக வரவில்லை. இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. நாடு முழுக்கப் போய்விட்டது என்றார்கள். நாலரைக்குப் பல்கனிக்கு வந்தவர், பலீலா ஜன்னலடியில் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். நோன்பு திறக்கிற நேரத்துக்கு அவள் நாலு வீட்டுக்குப் பேஸ்ட்ரி சுட்டுக் கொடுக்கிறவள். தட்டுத் தட்டாக மா தயாராக இருந்தது, ஓவன் செத்துக்கிடந்தது.

"இதுக்கேன் யோசிக்கிறீங்கள்? இந்தா, வயர் தாறன்," என்றார்.

"வாணாம் அங்கிள். ஆன்டிட மெஷின் ஓடணுமே."

"அட, என்ரை பெட்டியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? பிடியுங்கோ!"

அவளாகக் கேட்கவில்லை. இந்த மனுசன் வலியக் கொடுத்தார். வயரை எடுக்க அறைக்குள் வந்தபோது, சிவக்கொழுந்து மூக்குக் குழாயோடு சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, உந்தப் பெட்டியிலை எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கோ."

"உனக்கில்லாததோ!" என்று அவரும் சிரித்தார்.

பெட்டியில் ஐந்து பச்சைப் பொட்டுகள் உண்டு. ஆறு மணிக்கு அதில் இரண்டுதான் மிச்சம். அவர் கண்டார்தான். கரண்ட் இப்போது வந்துவிடும் என்று நினைத்தார். பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு பலீலா வழக்கம்போல ஜன்னலால் கஞ்சிக் கோப்பையை நீட்டினாள். அவர்களுக்கென்று இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சிய கஞ்சி. அதைக் குடித்துக்கொண்டு நின்றபோதுதான் எல்லாம் ஒரேயடியாக அணைந்தது.

"போச்சு! உங்கட ஓவன் என்ரை பெட்டியைத் திண்டிட்டுது!" என்று சிரித்தார். ஆம், சிரித்தார். பிறகு ரோர்ச்சை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய், பெட்டியின் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டும் நிப்பாட்டியும் பார்த்தார். அறைக்குள் மெஷின் கீக் கீக் என்று கத்தியது. "வாறன், வாறன், பொறு," என்று அதற்குப் பதில் சொன்னார். பத்து நிமிடம் பெட்டியோடு நின்றார். முதலில் அவளிடம் போகவில்லை. பெட்டியிடம் போனார்.

அறைக்கு வந்தபோது சிவக்கொழுந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள். உதடு நீலம். சிலிண்டர் நின்ற தலைமாட்டில் வெறும் சுவர். அம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தொடமுதலே எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டில் பெட்டியைச் சுற்றிச் சனம். வந்தவர்கள் எல்லாரும், கிடந்து உத்தரிக்காமல் போய்விட்டாள் என்று ஆறுதல் சொன்னார்கள். உஷாந்தி தாயின் தலைமாட்டில் அமர்ந்து, விரலால் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தொப்பியோடு வந்த ஹமீட் அவளிடம் குனிந்தார்.

"மகள், உங்கட வாப்பாவப் போல ஒரு மனிசன இந்த ஒழுங்கையில காணேலா. அண்டைக்கு எங்களுக்கு அவர்தான்..."

"ஹமீட்! அந்தக் கதிரையளைக் கொஞ்சம் கீழ கொண்டுபோய் வைக்கிறீங்களே?" என்றார் நமசிவாயம் சத்தமாக.

கீழே கதிரைக்கு ஒரு குறைவும் இல்லை. நல்ல மனிதர், நோன்போடு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். அவருடைய முதுகைப் பார்க்க நமசிவாயத்துக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. உஷாந்தி நிமிர்ந்து தகப்பனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

ஆண்பிள்ளை இல்லாததால் கிரியை முழுக்க அவரே செய்தார். வாய்க்கரிசி போடும்போது அந்த உதட்டை அவர் பார்க்கவில்லை. கனத்தை மயானத்தில் தகனச்சாலைக்காரன் சுவரில் இருந்த ஒரு சுவிட்சைக் காட்டி, "மஹத்தயா, மேக்க ஒபன்ன," என்று அழுத்தச் சொன்னான். நமசிவாயம் விரலை வைத்தார். இதுமட்டும் ஒரே அழுத்தலில் வேலை செய்தது.

திரும்பி வந்து முழுகி, அவள் கிடந்த இடத்தில் விளக்கேற்றி, ஒரு செம்புத் தண்ணீர் வைத்தார்கள். சாப்பாடு பலீலா வீட்டில் இருந்து வந்தது. இறைச்சிச் சட்டி படாமல் புதுச் சட்டி வாங்கிச் சமைத்த சோறும் பருப்பும் கத்தரிக்காயும். நோன்போடு ருசி பார்க்காமல் சமைத்ததில் பருப்புக்கு உப்புப் போடவே மறந்திருந்தாள். அப்பாவும் மகளும் அதைப் பற்றிக் கதைக்காமல் சாப்பிட்டார்கள்.

வெயில் சாய்கிற நேரம், சொந்தக்காரர் எல்லாம் போய்விட்டார்கள். உஷாந்தி தாயின் வெறுங்கட்டிலில் இருந்தாள். கையில் போன். நமசிவாயத்துக்கு அந்தப் போனைக் கண்டால் பயம். பெட்டி எவ்வளவு கொடுத்தது, எந்த நேரம் கொடுத்தது என்ற கணக்கெல்லாம் அதற்குள் இருக்கிறது.

"அப்பா, ஒண்டு சொல்லோணும். இதிலை இருங்கோ."

அவர் எதிரே கதிரையில் இருந்தார். வந்துவிட்டது என்று நினைத்தார்.

"அண்டைக்கு எனக்கு மெசேஜ் வந்தது. பற்றரி இருபது வீதம்தான் கிடக்கு எண்டு. அங்கை காலமை. மீட்டிங்கிலை இருந்தனான். பாத்திட்டு, விரலாலை தள்ளிவிட்டிட்டன். பிறகு எடுப்பம் எண்டு. ஒரு கோல் எடுத்திருந்தா நீங்கள் முதலே அம்புலன்சுக்கு அடிச்சிருப்பியள். நான்தானப்பா அம்மாவைக் கொண்டது."

நமசிவாயத்தின் மனதில் முதலில் எழுந்தது துக்கம் அல்ல, நிம்மதி. ஒரு மூச்சளவு நேரம், அவ்வளவுதான். ஆனால் அது நிம்மதிதான் என்று அவருக்குத் தெரிந்தது. வாயில் வார்த்தைகூடத் தயாராக வந்து நின்றது: "விதி பிள்ளை, நீ என்ன செய்யிறது?" அதைச் சொன்னால் போதும். அவள் அதைச் சுமந்துகொண்டு ரொறன்ரோவுக்குப் போய்விடுவாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

உஷாந்தி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். சிவக்கொழுந்தும் அப்படித்தான் துடைப்பாள்.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை," என்று போனை அவர் பக்கம் திருப்பினாள். "றொஹான் பத்து மணித்தியாலம் எண்டெல்லோ சொன்னவர். நாலரைக்குப் பிறகு ஏன் இப்பிடி இழுத்திருக்கு? பெட்டியிலை ஏதும் பிழையோ?"

நமசிவாயம் கதிரையை விட்டு இறங்கி, முழங்காலில் நின்றார். கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, மெஷினுக்குப் பின்னால் இருந்த வயரை இழுத்தார். இந்தமுறை அது எங்கும் சிக்கவில்லை. சுருளோடு எடுத்து மகளின் மடியில் வைத்தார்.

"பெட்டியிலை பிழையில்லை," என்றார். "அவை கேக்கேல்லை பிள்ளை. பலீலா வேண்டாமெண்டுதான் சொன்னது."

உஷாந்தி வயரைப் பார்த்தாள். அதன் முனையில், பிளக் கொழுவும் துளைகளைச் சுற்றிக் கோதுமை மா காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் பெருவிரலால் அதைத் தேய்த்தாள். அவர் முழங்காலில் நின்றபடியே இருந்தார்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பல்கனிப் பக்கம் ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

"அங்கிள்..." என்று பலீலா மெதுவாகக் கூப்பிட்டாள்.

இரண்டு பேரும் எழும்பவில்லை. பல்கனிக் கம்பிக்கு அப்பால் நீட்டிய கை, கஞ்சிக் கோப்பையோடு அப்படியே நின்றது.