நிமிடத்துக்கு எழுபத்தெட்டு

“ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு...”

“நிறுத்து. நிமிஷம் முடிஞ்சிருச்சு.”

“ஐம்பத்தெட்டுதான் வருது டெரிக் அண்ணே. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுத்து வரணும்ல?”

“மறுபடி எண்ணு முபாரக்.”

கறுப்பு இசைத்தட்டின் ஓரத்தில் ஒரு சாக்பீஸ் புள்ளி. சுற்றி வந்தது. ஜன்னல் பக்கம் வந்தபோது வெளிச்சம் பட்டு வெளுத்தது, அந்தப் பக்கம் போய் மங்கியது. ஐப்பசியின் பிற்பகல் வெளிச்சம், மழையில் நனைந்த வெளிச்சம்.

யூனிஸும் எண்ணினாள். உதடு அசையாமல், கழுத்தில் ஆல்டோ சாக்ஸபோன் தொங்க. அவளுக்கும் ஐம்பத்தெட்டுதான் வந்தது.

பெரம்பூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடி. ஐந்து பேர், ஐந்து சாக்ஸபோன்கள். நூறு வருடங்களுக்கு முன்னால், கடலுக்கு அப்பால், பெயர் தெரியாத சிலர் ஊதிய ஜாஸை மறுபடியும் ஊத வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

எழுதி வைத்த தாள் எதுவும் இல்லை. டெரிக்கின் கிராமபோன் இருந்தது. கேட்டார்கள். ஊசியைத் தூக்கினார்கள். ஊதிப் பார்த்தார்கள். மறுபடி கேட்டார்கள்.

தட்டில் இருப்பது மட்டும். அது டெரிக் போட்ட சட்டம். தட்டில் ஒருவன் மூச்சு வாங்கினால் இவர்களும் அதே இடத்தில் மூச்சு வாங்கினார்கள்.

இந்தத் தட்டோடு நான்கு மாதம். மெதுவான, கனமான பாட்டு. ஈரத் துணி கொடியில் அசைவது போல. நடுவில் மற்ற நால்வரும் அடிக்குரலில் அடங்கிவிட, ஒரே ஒரு சாக்ஸபோன் மேலே தனியாகப் பேசும். பதினாறு வரி. அது ஆல்டோவின் குரல் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அதனால் அது யூனிஸுக்கு வந்தது.

ஒன்பது வருடமாகக் கல்யாண வரவேற்புகளில், மாதாகோவிலில், அவள் வாசித்தது எல்லாம் இரண்டாம் குரல். சோற்றுக்கு அடியில் இலை இருப்பது போல. அந்தப் பதினாறு வரியில்தான் முதல்முறையாக அவள் மட்டும். பேருந்தில் விரல்கள் அதை வாசித்தன. துணி மடிக்கும்போது வாசித்தன. ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. இன்னும் ஐந்து நாள்.

முபாரக்தான் இன்று தட்டின் நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தை உற்றுப் பார்த்தான். ‘நடனத்துக்கு’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

“இதுக்கு யாருண்ணே ஆடுவா? முட்டி வலிக்காரங்களா?”

அதற்குப் பிறகுதான் சாக்பீஸும் கடிகாரமும் வந்தன.

இரண்டாம் முறையும் ஐம்பத்தெட்டு. டெரிக் தட்டை எடுத்து வைத்துவிட்டு, வேகத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினார். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தட்டை வைத்து மறுபடி எண்ணினார்கள். அறுபத்தேழு. எழுபத்து நான்கு. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எழுபத்தெட்டு.

ஊசி இறங்கியது.

ஒரு குதி. ஒரு துள்ளல். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடும் பாட்டு அது. படிக்கட்டில் உருளும் எலுமிச்சம்பழங்கள் போல ஸ்வரங்கள். அழுகை எங்கேயும் இல்லை. ஒரு துளி இல்லை.

டெரிக் தலையில் கை வைத்தார். “நாலு மாசமா கல்யாண வீட்ல ஒப்பாரி வெச்சிருக்கோம்டா!”

சிரித்தார்கள். தகரக்கூரை மழையை மிஞ்சிச் சிரித்தார்கள். யூனிஸும் சிரித்தாள், கண்ணில் நீர் வர.

அப்போது அந்தப் பதினாறு வரி வந்தது. உயரமாக, மெல்லிசாக, குறும்பாக.

அது ஆல்டோ இல்லை. தட்டு மெதுவாகச் சுற்றியதால் தணிந்து கேட்ட குரல். அது சொப்ரானோ, ஆல்டோவை விட மேலே பாடும் சின்ன சாக்ஸபோன். இந்த அறையில் ஒரே ஒரு சொப்ரானோதான். முபாரக்கின் மடியில், நேராக, மெழுகுவர்த்தி போல.

யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லோரும் பாடுபட்டார்கள்.

“உன்னுதுதான் முபாரக்,” என்றாள் யூனிஸ். “வாசி. கைய கட்டிட்டு உக்காந்திருக்க?”

வாசித்தான். முதலில் இடறினான், பிறகு ஓடினான். அவள் அடியில் இரண்டாம் குரல் பிடித்தாள். பழகிய இடம். கீழேயிருந்து கேட்டால் எவ்வளவு அழகாக இருக்கிறது இந்தப் பாட்டு. அவள் கால் தானாகத் தாளம் போட்டது. பொறாமை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

வேறொன்று வந்தது. அந்த மெதுவான பாட்டு எந்தத் தட்டிலும் இல்லை. நூறு வருடத்தில் வேறு யாரும் அதை வாசித்ததில்லை. உலகத்திலேயே அது ஐந்து பேருக்கு மட்டும்தான் தெரியும். அதன் நடுவில் அவள் இருந்தாள்.

பாட்டு முடிந்தது. கீழே சைக்கிள் கடையில் யாரோ கை தட்டினார்கள். டெரிக் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சந்தோஷமாக.

யூனிஸ் ஒன்பது வருடத்தில் எந்தக் குழுவிலும் எதையும் கேட்டதில்லை. சாக்ஸபோனின் ஈர ஊதுவாயை உதட்டிலிருந்து எடுத்தாள்.

“டெரிக் அண்ணே, ஞாயித்துக்கெழம முதல்ல நான் தப்பா வாசிக்கிறேன். அப்புறம் முபாரக் சரியா வாசிக்கட்டும்.”