எட்டாம் அதிகாரம், ஏழாம் வசனம்

1

இந்தக் கதை குற்ற உணர்ச்சியில் பிறந்தது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு ஆறுதலாக ஒரு வேத வசனத்தை எழுதி அனுப்பினேன். அது யார் வாயிலிருந்து வந்த வசனம் என்று பிறகுதான் பார்த்தேன். அந்தப் பழியைச் சுமக்கத் துணிவில்லாமல், 1960இல் பிச்சாட்டூர்ப் பக்கம் ஓர் உபதேசியாரை உண்டாக்கி அவர் தலையில் கட்டியிருக்கிறேன். பாவம், நல்ல மனுஷன்.

2

(முதல் தொடக்கம்: "ஆரணியாற்றில் அன்று தண்ணீர்..." வேண்டாம். ஆற்றைக் காட்டத் தொடங்கினால் நான் மழுப்புகிறேன் என்று அர்த்தம்.)

ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் முனிசாமி முனிசாமிதான். ஊரின் சின்னச் சபைக்கு அவர்தான் உபதேசியார். பிரசங்கம் செய்வார், கூலி வேலைக்குப் போகும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். டிசம்பர் வந்தால் நல்ல வசனங்களாகப் பொறுக்கி அட்டைத் துண்டுகளில் எழுதுவார். புத்தாண்டுக் காலை ஆராதனையில் ஆளுக்கொன்று எடுப்பார்கள். கைக்கு வந்ததுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் கொடுத்த வாக்கு.

செல்லியம்மா கைக்கு வந்த அட்டை, தொடக்கம் அற்பமானாலும் முடிவு நிறைவாக இருக்கும் என்றது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே வாரத்தில் வாந்திபேதிக்கு வாரிக்கொடுத்தவள் அவள். அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

யோபு, எட்டு, ஏழு என்று அடியில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டப் பழகியவளுக்குத் தன் வசனத்தைப் பெரிய புத்தகத்திலேயே பார்க்க ஆசை. அதிகாரத்தின் தொடக்கத்திலிருந்து விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தாள். ஏழுக்கு முன்னால் நான்கு இருந்தது. பிள்ளைகள் பாவம் செய்தார்கள், அதனால் போனார்கள் என்றது அது.

3

"இன்னா உபதேசியாரே இது? பெரியவனுக்கு நாலு வயசு. சின்னது பேசவே ஆரம்பிக்கல. இன்னா பாவம் பண்ணிச்சுங்க?"

முனிசாமிக்குத் தெரியவில்லை. யோபுவுக்கு முதலில் வந்த துன்பத்தையும் கடைசியில் கிடைத்த ஆடு, ஒட்டகங்களையும்தான் அவர் பிரசங்கித்திருக்கிறார். நடுவில் முழுக்கப் பேச்சு. யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று தள்ளிவிடுவார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். (இந்த வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.)

"வேதத்துல எழுதிக்கீதும்மா. பொய்யாவுமா?" என்றார்.

அவள் புத்தகத்தை மூடி அவர் கையில் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

ஏப்ரலில் எல்லையைப் பிரித்தார்கள். ஊர் ஆந்திராவுக்குப் போனது. உபதேசியாரைத் திருத்தணிப் பக்கம் மாற்றினார்கள்.*

* எல்லையின் மேல் பழியைப் போட்டு அவரைத் தப்பவிடலாம் என்று முதல் படியில் முயன்றேன். முடியவில்லை. திருத்தணியிலிருந்து பஸ் இருந்தது.

4

இரண்டு வருஷம் கழித்து, ஓர் அடக்க ஆராதனைக்காக முனிசாமி யோபுவின் புத்தகத்தை முதல்முறையாக முழுதும் வாசித்தார். எட்டாம் அதிகாரத்தில் பேசுகிறவன் யோபுவிடம் துக்கம் விசாரிக்க வந்த சிநேகிதன். பிள்ளைகளை இழந்தவனுக்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறான். கடைசி அதிகாரத்தில் கடவுள் அந்தச் சிநேகிதர்களிடம், நீங்கள் பேசியது சரியில்லை என்று கோபிக்கிறார். ஆடு, ஒட்டகங்களுக்கு ஐந்தே வசனம் முன்னால். முனிசாமி வருஷா வருஷம் தாண்டிப்போன இடம் அது. வெட்கத்தில் அழுதுவிட்டார்.

மறுநாளே பஸ் ஏறினார். செல்லியம்மா ஊரில் இல்லை. திருச்சானூரில் ஒரு சத்திரத்தில் பாத்திரம் தேய்க்கிறாள் என்றார்கள். தேடிப்போய், யார் பேசியது, யாரிடம், கடைசியில் என்ன ஆனது என்று எல்லாவற்றையும் சொன்னார். சாம்பல் படிந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த சிநேகிதன் சொன்னது தப்புன்னு சாமியே சொல்லிட்டாரு."

"ஆமாம்மா."

"பாவம் பண்ணதுங்கன்னு, ரெண்டு வருசமா எம் புள்ளைங்க பேரக்கூடச் சொல்லாம வாய மூடிக்கினு இருந்தேன்." கையைப் புடவையில் துடைத்தாள். "எங்கிட்ட அது நெசம்னு சொன்னது அந்த சிநேகிதன் இல்லியே. நீங்கதானே உபதேசியாரே?"

5

முனிசாமியின் பதிலை எழுதிப் பார்த்தேன்.

அவர் மன்னிப்புக் கேட்கிறார், அவள் மன்னிக்கிறாள். (யாருக்கு வசதி? எனக்கு.)

அவர் ஆறுதலாக இன்னொரு வசனத்தை எடுக்கி... (அடித்துவிட்டேன்.)

"செல்லியம்மா, நான் அப்போ முழுசாப் படி..."

இதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நான் பெயர்கூட வைக்கவில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். முடிவை நீங்களே எழுதுங்கள். அதற்கு முன் அவளிடம் அந்தப் பெயர்களைக் கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.