நோட்டில் இருந்த இருபத்து நான்கு

இன்வெர்ட்டர் மூன்றாவது முறையும் கீச்சென்று கத்திவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டியது. படகு வீட்டின் தரைப் பலகையில் மண்டியிட்டிருந்த எலக்ட்ரீஷியன் காதைப் பொத்திக்கொண்டார். படகுத்துறையில் அவருக்குப் பெயர் ஃபியூஸ்.

"இருபத்து நாலு வோல்ட்டுன்னு யாரும்மா சொன்னது?"

"அவர் நோட்டுல இருக்கு."

அவள் பிரித்துக் காட்டினாள். கணவனின் குண்டுக் கையெழுத்து: 'பேட்டரி நான்கு. இருபத்து நான்கு வோல்ட். வேலை முடிந்தது.' அவன் இறப்பதற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி.

அதை நம்பித்தான் இந்த இருபத்து நான்கு வோல்ட் இன்வெர்ட்டர் பெட்டியை வாங்கியிருந்தாள். தையல் மெஷின் ஓடினால் படகிலேயே இருந்து பிழைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் தம்பி வீட்டு மாடி அறைதான். அவள் இன்னும் கட்டாத மூட்டைகளைச் சுமக்கத் தம்பி காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தான்.

ஃபியூஸ் மீட்டரை வைத்தார். பன்னிரண்டே முக்கால் வோல்ட். "நாலையும் ப்ளஸ்ஸோட ப்ளஸ் சேர்த்திருக்கு. இப்படி நாப்பது சேர்த்தாலும் பன்னெண்டுதான். ரெண்டு ரெண்டா வரிசையில, ஒண்ணோட ப்ளஸ்ஸை அடுத்ததோட மைனஸ்ல கோத்தாத்தான் இருபத்து நாலு."

"வெயில் ஏறினா?"

"பதினாலு வரும். சூரியனே இறங்கி வந்து சோலார் மேல உக்காந்தாலும் இருபத்து நாலு வராது."

"மாமா தப்பா எழுதிட்டார்க்கா. கிளம்பு."

"அவர் தப்பா எழுத மாட்டார்டா."

சொல்லிவிட்டு நோட்டையும் பேட்டரிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். நோட்டு பொய்யா, பேட்டரி பொய்யா? இரண்டும் ஒரே கை செய்தது.

பேட்டரிகளுக்குப் பின்னால் துழாவிய ஃபியூஸ், உறை பிரிக்காத இரண்டு குட்டை வயர்களை எடுத்தார். "வரிசையில கோக்கத்தான் வாங்கி வெச்சிருக்கார்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. குழாய் மாற்றியாயிற்று என்று எழுதி வைத்து ஒரு மாதம் கழித்து மாற்றிய மனிதன். 'எழுதிட்டேன், இனி செய்யலேன்னா நான் பொய்யன்' என்பான்.

"கோத்துரட்டுமா?"

"லைட்டு, பம்பு?"

"எல்லாம் பன்னெண்டுக்கு வாங்கினது. புகைஞ்சிரும்."

"அப்ப படகு இருக்கிறபடி இருக்கட்டும். பெட்டியைப் பன்னெண்டுக்கு மாத்திக் குடுங்க."

"மெஷினுக்கு முன்னூறு வாட் போதும். அயர்ன் பாக்ஸை மட்டும் சொருகிடாதீங்க."

மாலைக்குள் புதுப் பெட்டியில் மெஷின் ஓடியது.

"ரொம்ப சத்தம்க்கா."

"உன்னைவிடக் கம்மிதான்."

தம்பி வெறுங்கையோடு கரையேறினான்.

இனி எந்த வரியை நம்புவது? பென்சிலோடு நோட்டின் முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்தாள். கேஸ் குழாய்: புதிதுதான், டிக். பின்பக்க ஒழுகல் அடைத்தாயிற்று: தொட்டுப் பார்த்தாள், விரல் நனைந்தது, பெருக்கல் குறி. பேட்டரிப் பக்கத்துக்கு வந்தாள். அதன் அடியில் இன்னொரு வரி இருந்தது.

'அவளிடம் சொல்லியாயிற்று.'

எதை? அந்த ஒன்பது நாளையும் மனதில் புரட்டிப் பார்த்தாள். ஒரு நாள் டீ டம்ளரோடு எதிரில் உட்கார்ந்து, "ஒண்ணு சொல்லணும்" என்றான். பிறகு படகைக் கட்டிய கயிறு தளர்ந்திருக்கிறதென்று எழுந்து போனான். அதுதானா? வேறொரு நாள் சொல்லி, அவள்தான் பம்பு சத்தத்தில் கவனிக்கவில்லையா?

டிக்கும் போட முடியவில்லை, பெருக்கலும் போட முடியவில்லை. பென்சிலை அந்தப் பக்கத்திலேயே வைத்து நோட்டை மூடினாள். பிறகு திறந்து, அந்த ஒரு வரியை மறுபடி படித்தாள்.