கல்யாணசுந்தரி பெயரில் பதினொன்று

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தாள்களுக்கு நடுவே அது தவறி வந்துவிட்டது.

2005 ஐப்பசி. மழை பெய்து கரிசல் மண் செருப்போடு அப்பிக்கொண்டு வரும் நாட்கள். கோவில்பட்டியில் ஒரு மாடியில் சுகுணா பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். கீழ்ப்படியிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லிவிடுவாள். அங்கே என் சிறுகதை ஒன்றைத் தட்டச்சு செய்யக் கொடுத்து, அச்சான ஒன்பது தாள்களை வாங்கி வந்தேன். வீட்டில் புரட்டினால் பத்து இருந்தது. பத்தாவது தாள் ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழ். கே. கல்யாணசுந்தரி, நர்ஸ் பிராக்டிஷனர், டெக்சஸ். ஆஸ்துமா நோயாளிகளைக் கவனிப்பது பற்றிய இரண்டு மணி நேரத் தொடர்கல்வியை இணையம் வழியே முடித்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுக்கப் போனேன். சுகுணா மூன்றாம் தடுப்பின் திரையை விலக்கிக் காட்டினாள். உள்ளே, டூட்டி முடித்த கையோடு வந்த வெள்ளைச் சேலையில், ராஜமணி. அவள் மகள் என்னிடம் எட்டாம் வகுப்பு அறிவியல் படித்தவள்.

"இது உங்களுதாம்மா?"

"என்னுது இல்ல டீச்சர்" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "ஆனா நாந்தான் படிச்சேன்."

2

தொடக்கங்கள்.

முதலாவது: "கரிசல் காட்டின் மேல் வெயில் கொதித்துக்கொண்டு..." (அடித்துவிட்டேன். ராஜமணிக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை. விடிந்ததிலிருந்து டியூப் லைட்டுக்குக் கீழே இருப்பவள்.)

இரண்டாவது: "1993இல் சவூதி அரேபியாவுக்குப் புறப்பட இருந்த ராஜமணியைத் தாயின் நோய் கட்டிப்போட்டது. அவள் தன் கனவை..."

இந்த இரண்டாவதை மூன்று பக்கம் எழுதி, அவளிடம் வாசித்தும் காட்டினேன். கேட்டு முடித்து, "எங்கம்மா அன்னைக்கும் நல்லாத்தான் இருந்தா, இன்னைக்கும் நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

"அப்ப ஏன் போகல?"

"பயந்துட்டேன் டீச்சர். வேற ஒண்ணுமில்ல. பாஸ்போர்ட்டு, விசா எல்லாம் வந்துட்டு. மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கட் எடுத்து ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டேன். கூடப் படிச்ச கல்யாணி ஏறிட்டா. எனக்குக் கால் வரல."

பயம் என்பது கதைக்குப் போதிய காரணமாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நோய், ஒரு சாவு, கண்டிப்பான ஒரு தகப்பன் இருந்தால் வாசகர் இரக்கப்படுவார். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை, நான் சொல்லலாமா? ஆகவே, பயம்தான் காரணம். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

3

இடைசெவலை ஒட்டிய கிராமத்தில் ஆட்டுக்கிடை வைத்திருந்த வீட்டுப் பெண் ராஜமணி. கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நடத்தியவர் மகள் கல்யாணசுந்தரி. நாகர்கோவிலில் நர்சிங் படித்தபோது இருவரும் ஒரே அறை. ராஜமணி சத்தம் போட்டுப் படிப்பாள். கல்யாணி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அப்படியே இருவரும் தேறினார்கள். ("ராஜமணிதான் கெட்டிக்காரி" என்று முதலில் எழுதியிருந்தேன். அது என் ஆசை. மதிப்பெண் பட்டியலைக் காட்டினாள். கல்யாணிக்கு நாலு மார்க் அதிகம்.)

கல்யாணி சவூதி போய், அங்கிருந்து அமெரிக்கா போய், மேலே படித்து நர்ஸ் பிராக்டிஷனர் ஆனாள்.* ராஜமணி கோவில்பட்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் ஆனாள். பொங்கலுக்குப் பொங்கல் ஒரு போன் வரும். சௌக்கியமா, சௌக்கியம், பிள்ளைகள் எப்படி, சரி வைக்கட்டுமா. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. வைக்கிறவள் எப்போதும் ராஜமணிதான்.

* நர்ஸ்தான். ஆனால் நோயாளியைத் தானே சோதித்து, இன்ன நோய் என்று முடிவு செய்து, மருந்து எழுதித் தரும் உரிமை உள்ளவள். நம்மூரில் அப்படி யாரும் கிடையாது. இதை ராஜமணி எனக்கு விளக்கிச் சொன்னபோது "மருந்து எழுதித் தருவா" என்ற மூன்று சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

4

2005 ஆனி மாதம், பொங்கலுமில்லை தீபாவளியுமில்லை, போன் வந்தது.

"ஏட்டி ராஜி, ஒரு ஒத்தாச செய்வியா?"

"சொல்லு."

"இங்கன லைசென்ஸ புதுப்பிக்கணும்னா இத்தன மணி நேரம் படிச்சேன்னு காட்டணும். நெட்ல ஓசியாவே பாடம் போட்டிருக்கான். படிச்சு, கேள்விக்குப் பதில் போட்டா சர்டிபிகேட் வந்துரும். எனக்கு ரெண்டு எடத்துல டூட்டி, ரெண்டு பிள்ளைய. ஒக்கார நேரமில்ல. என் பேரு, பாஸ்வேர்டு எல்லாம் தாரேன். நீ படிச்சுப் போடுதியா?"

"தப்பில்லையா அது?"

"தப்புதான்."

ராஜமணி சரி என்றாள்.

(இந்த இடத்தில் அவள் தயங்கியதாக அரைப் பக்கம் எழுதலாம். தயங்கவில்லை. எவ்வளவு நேரம் யோசித்தாய் என்று கேட்டேன். "அவ மூச்சு வாங்குத நேரம்" என்றாள்.)

5

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் ஐந்தரை ஆகும். பக்கம் பக்கமாக மெல்ல இறங்கும். கரண்ட் போனால் எல்லாம் அழிந்து முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். அகராதி ஒன்றும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வைத்துக்கொண்டாள்.

பாடங்கள் அவளுக்குப் பெரிய அதிசயமாக இல்லை. பாதி, வார்டில் பார்த்துத் தெரிந்ததுதான். அவளைப் பிடித்து உட்காரவைத்தவை கேள்விகள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு நோயாளி வருவார். நாற்பத்திரண்டு வயதுப் பெண், மூன்று நாளாக இருமல், இரவில் மூச்சுத் திணறல். நீங்கள் இப்போது என்ன செய்வீர்கள்?

பதினான்கு வருட வேலையில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ஊசி போட்டாச்சா சிஸ்டர், பிரஷர் எவ்வளவு சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு சிஸ்டர். இவையே அவள் காதில் விழுந்த கேள்விகள். இங்கே ஒரு பெட்டி, முகமில்லாத பெட்டி, நீ என்ன நினைக்கிறாய் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பதிலை அழுத்தினால், 'சரி' என்று பச்சையில் எழுத்து வரும்.

"என்னக்கா, தனியா சிரிக்கீக? லவ் லெட்டரா வந்திருக்கு?" என்று சுகுணா ஒருநாள் திரைக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"பாஸாயிட்டேன் சுகுணா."

"நீங்களா, உங்க பிரண்டா?"

ராஜமணி நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். மாசி வரைக்கும் பதினோரு சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுப்பாள். இரண்டாவது எதற்கு என்று சுகுணா கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்ததைப் பிறகு அவளே காட்டினாள்.

6

இனி வருவது கதையில் கொஞ்சம் வேகமான பகுதி. வேகத்தை நான் கூட்டவில்லை.

பதினோராவது பாடம், பெண்களுக்கு வரும் மாரடைப்பு. ஆண்களைப் போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழ மாட்டார்கள். அசதி என்பார்கள், மேல்வயிறு எரிகிறது என்பார்கள், தாடை வலிக்கிறது என்பார்கள் என்று இருந்தது. படித்த நாலாம் நாள், தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் வள்ளித்தாயை அவள் மகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"நேத்துலருந்து மேவயிறு எரியுதுங்குதா. ஒரே அசதியாக் கெடக்கு" என்றாள் மகள்.

"தாடை வலிக்கா ஆச்சி?" என்று கேட்டாள் ராஜமணி.

வள்ளித்தாய் ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஆமா தாயி. பல்லு வலின்னு நெனச்சேன். ஒனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் பூவனநாதன் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். கதவுக்கு வெளியே நின்று சொன்னபோது, "வாய்வா இருக்கும் சிஸ்டர், ஊசி போட்டு அனுப்புங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ராஜமணி ஊசியை எடுத்தாள். வைத்தாள். ஈசிஜி மிஷினை உருட்டிக்கொண்டு போனாள். கேட்காமல் எடுத்தது அதுதான் முதல் தடவை. ஒரு வயரை மாற்றி மாட்டி, மறுபடியும் எடுக்க வேண்டியிருந்தது.

காகிதச் சுருளோடு தியேட்டர் கதவைத் தட்டினாள். டாக்டர் எரிச்சலோடுதான் வந்தார். விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் எரிச்சல் போய்விட்டது. பத்து நிமிடத்தில் வள்ளித்தாய் திருநெல்வேலிக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

(டாக்டரைக் கெட்டவராக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை.)

சாயங்காலம் ராஜமணியைக் கூப்பிட்டார். "நான் அனுப்பியிருப்பேன் சிஸ்டர். வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்று இரண்டு தடவை சொன்னார். "எங்க படிச்சீங்க இதெல்லாம்?"

ஆயுசில் யாராவது தன்னைக் கேட்க மாட்டார்களா என்று அவள் ஏங்கியிருந்த கேள்வி.

"கோர்ஸ் எதுவும் பண்ணுதீங்களா? சர்டிபிகேட் இருந்தாக் கொண்டாங்க. எமர்ஜென்சிய உங்க பொறுப்புல விடலாம்னு பாக்கேன்."

"சும்மா பேப்பர்ல படிச்சேன் சார்" என்றாள் ராஜமணி.

7

அடுத்த திங்கள் காலை ஏழு மணிக்குக் கல்யாணியைத் தானே அழைத்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை முடியும் நேரம்.

"ஏட்டி, ஒரு அம்பது வயசுப் பொம்பள. மேவயிறு எரியுது, அசதி, தாடை வலி. நீ என்ன செய்வே?"

"என்னட்டி, எடுத்ததும் பரீட்சையா?"

"சொல்லு."

கல்யாணி ஒரே மூச்சில் சொன்னாள். ஈசிஜி, எந்த ரத்தப் பரிசோதனை, எத்தனை மணி நேரம் கழித்து மறுபடி, எந்த மாத்திரை, எந்த அளவு. பாடத்தில் இல்லாத இரண்டு விஷயமும் சொன்னாள். போன வாரமே அப்படி ஒருத்தி வந்தாளாம்.

அவளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்றுதான் ராஜமணி கேட்டாள். இதை என்னிடம் ஒப்புக்கொண்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுதே. பெறவு எதுக்கு என்னைப் படிக்கவிட்ட?"

அந்தப் பக்கம் கல்யாணி ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நேரமில்லன்னது பொய்யில்லட்டி. ஆனா எப்படியும் நானே ஒப்பேத்தியிருப்பேன். சும்மா கூப்பிட்டா நீ ரெண்டு நிமிசத்துல வச்சிருதே. உங்கூடப் பேச எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. கோர்ஸ் முடிஞ்சுதான்னு கேக்கலாம்லா. என்ன கேள்வி வந்துச்சுன்னு கேக்கலாம்லா." மூக்கை உறிஞ்சும் சத்தம். "நீ அன்னைக்கு ஏறலன்னு எனக்குக் கோவமே இல்ல. நீயா அப்படி நெனச்சுக்கிட்ட."

ராஜமணி ரிசீவரை வைக்கவில்லை. "இனிமே என் பேர்ல படிக்கப்போறேன்" என்றாள்.

"அங்கன அது செல்லாதேட்டி."

"செல்லாட்டிப் போகுது. உன் பேர்ல நீ படி. அந்தப் பதினொண்ணையும் எங்கயும் காட்டாத. திருப்பிப் படி."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

படித்தாள் என்றுதான் ராஜமணி சொல்கிறாள். எனக்கு வேறு சாட்சி இல்லை.

8

சொந்தப் பெயரில் பதிந்த அன்று நானும் சுகுணாவும் திரைக்கு இந்தப் பக்கம் நின்றோம். என்ன தொழில் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. டாக்டர், நர்ஸ் பிராக்டிஷனர், நர்ஸ், மருந்தாளர், மற்றவர். எதைப் போட்டாலும் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

"ரெண்டாவதுல ஒரு நிமிசம் நிப்பாட்டினேன் டீச்சர்" என்று பிறகு சொன்னாள். "பெறவு நர்ஸுன்னே போட்டுட்டேன். அதுதான நான்."

அதன்பின் ஒரே பாடத்தை ஒரே வாரத்தில் அங்கே அவளும் இங்கே இவளும் படித்தார்கள். திங்கள் காலை போனில் சண்டை போடுவார்கள், எந்த விடை சரி என்று. அரைமணி நேரம் போகும். ராஜமணி தன் பெயரில் வந்த முதல் சான்றிதழை டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வரிவரியாகப் படித்துவிட்டு, "இதுக்கு இங்க மதிப்பில்லையே சிஸ்டர்" என்றார். "தெரியும் சார். நீங்க கேட்டீங்கல்லா" என்றாள். எமர்ஜென்சி பொறுப்பு வேறொருத்திக்குப் போனது. அவள் ஆஸ்பத்திரி நிர்வாகிக்கு உறவுக்காரி. ஆனால் வார்டு சுற்றிவரும்போது, எப்போதும் இல்லை, எப்போதாவது, டாக்டர் திரும்பி நின்று, "நீங்க என்ன நெனைக்கீங்க சிஸ்டர்?" என்று கேட்கத் தொடங்கினார்.

9

முடிவுகள்.

(அ) ராஜமணி நாற்பது வயதில் பரீட்சை எழுதி அமெரிக்கா போகிறாள். அவளிடம் சொன்னேன். "இப்பவும் பயமாத்தான் இருக்கு டீச்சர்."

(ஆ) கல்யாணி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, இருவரும் சேர்ந்து எப்போதும்வென்றான் கிராமத்துப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி... "அவ பிள்ளைய ரெண்டும் அங்கன படிக்கு. எப்படி வருவா?"

(இ) நடந்தது. 2008 தை மாதம் கல்யாணி அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வந்தாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு. கழுகுமலை மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நானும் அழைப்பின்பேரில் போயிருந்தேன். கல்யாணி பட்டுச்சேலையில் கொஞ்சம் பருத்திருந்தாள். ராஜமணிக்குக் காதோரம் நரைத்திருந்தது. இருவரும் கூட்டத்துக்கு நடுவே ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள், தொடவில்லை. அப்புறம் மொட்டை மாடிக்குப் படியேறினார்கள். வடை, பாயசம் முடிந்து மோர் வரும் வரைக்கும் இறங்கவில்லை. கல்யாணி முதலில் இறங்கி வந்தாள். மதுரை விமானத்துக்குக் கார் காத்திருந்தது. ராஜமணி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

மேலே என்ன பேசினார்கள் என்று மறுவாரம் கேட்டேன். கதைக்கு அதுதான் வேண்டும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் எனக்குத் தந்தவள், பயத்தை, பொய்யை, பொறாமையைக்கூட ஒளிக்காமல் தந்தவள், தலையசைத்துவிட்டாள்.

"அத மட்டும் கேக்காதீங்க டீச்சர்."

நானே கற்பனையாக எழுதலாம். நாலு விதமாக எழுதியும் பார்த்தேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டேன். ஆகவே இங்கே ஒரு இடம் விடுகிறேன்.

[ 

 ]

உங்களை விட்டுத் தூரமாகப் போன ஒருவர் உங்களுக்கும் இருந்தால், ஒரு பந்தி நேரம் கிடைத்தால் என்ன சொல்வீர்களோ அதை இதற்குள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை எனக்குக் காட்ட வேண்டாம்.