இருமலுக்குத் திறக்கும் செக்போஸ்ட்

வண்டலூர் செக்போஸ்டில் நான் ஏட்டாக இருந்த ஆறு வருடங்களில் கஞ்சா கடத்துகிறவர்கள் யாரும் என்னைக் கண்டு பயந்ததாகத் தகவல் இல்லை. நான்தான் பயந்துகொண்டிருந்தேன், காசநோய்க்கு. தெற்கிலிருந்து தாம்பரம் சானடோரியத்துக்குப் போகும் நோயாளிகள் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். காருக்குள் யாராவது இருமினால், மூக்கைப் பொத்திக்கொண்டு எட்ட நின்றே தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவோம். உத்தரவு கிடையாது. எல்லா ஷிப்டிலும் அதுதான் வழக்கம்.

1969 மே மாதம் மாம்பலத்தில் கஞ்சாவோடு பிடிபட்ட ஒருவன், ஆறு மாதமாக இருமிக்கொண்டே எங்களைத் தாண்டியதாக வாக்குமூலம் கொடுத்தான். இன்ஸ்பெக்டர் ராஜகோபால் கூப்பிட்டனுப்பினார்.

"இனிமே சோதனை இல்லாம ஒரு இருமல் தாண்டிச்சு, உம்ம வேலை போயிடும் லாசரஸ்."

மறு வாரம், காலை பதினொன்றரை மணிக்கு ஒரு கறுப்பு அம்பாசடர் வந்தது. உடனிருந்த கான்ஸ்டபிள் குப்பன் டீ குடிக்கப் போயிருந்தான்.

"பேஷண்டு சார். ரத்தமா துப்பிகினு கீது. கிட்ட வராதீங்க," என்றான் டிரைவர்.

"இறங்குப்பா."

"இன்னா சார் பேஜாரு. எப்பவும் வுட்டுடுவீங்களே."

பின்சீட்டில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி சாய்ந்திருந்தாள். பெயர் தபீதாள், மதுராந்தகம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேட்காமலே ஒரு கடிதத்தை நீட்டினாள். இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த படுக்கை. இன்று பகல் பன்னிரண்டுக்குள் வந்து சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

அவளை இறக்கிவிட்டு சீட்டைத் தூக்கினேன். அடியில் பதினெட்டுக் கஞ்சாப் பொட்டலங்கள்.

"இது தெரியுமாம்மா உங்களுக்கு?"

"தெரியும் சார். பஸ்ல ஏத்த மாட்டேங்கறாங்க. டாக்ஸியும் வராது. இவர்தான் காசு வாங்காம கூட்டிட்டுப் போறேன், செக்போஸ்ட்ல இருமினா போதும்னார்." மூச்சு வாங்கினாள். "நடிக்க வேண்டிய அவசியம் இல்லை எனக்கு."

சட்டப்படி அவள் இரண்டாவது குற்றவாளி. இன்ஸ்பெக்டர் ஜீப் செங்கல்பட்டிலிருந்து வர ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை இருவரையும் உட்கார வைக்க வேண்டும். எனக்குள் கருணை ஒன்றும் பொங்கிவிடவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உடம்பு முழுக்க மரத்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நெடுஞ்சாலைப் போலீஸ் என்று பெயர், எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. முன்சீட்டில் ஏறி, "சானடோரியத்துக்கு விடு," என்றேன்.

டிரைவர் என்னைப் பார்த்தான். "மெய்யாலுமா சார்?"

"விடுய்யா."

சானடோரியத்தில் காரின் சாவியைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். சர்வீசிலேயே நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அது. கைவிலங்கு செக்போஸ்ட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவளால் படியேற முடியவில்லை. தோளைப் பிடித்து ஏற்றினேன்.

"கூட வந்தது யாரு?" என்றார் குமாஸ்தா. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"நான்."

"உறவு?"

"அண்ணன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். காரும் பொட்டலங்களும் இருந்தன. டிரைவர் பக்கத்து ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்துப் போய்விட்டதாகக் கேட்டில் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தேன். இரண்டு மணிக்கு வந்தார்.

"வண்டலூர்ல பிடிச்ச கார் இங்க எப்படிய்யா வந்துது?"

சாவியை எடுத்து நீட்டினேன். அவர் ஆபீசுக்குள் போய், நான் கையெழுத்துப் போட்ட பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"உமக்குத் தங்கச்சி கிடையாதே, லாசரஸ்."

"இருக்கு சார்."

"அந்தம்மா இந்தக் கார்லயா வந்தாங்க? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும். உம்மை விட்டுடறேன். இல்லேன்னா நீரும் கூட்டாளின்னுதான் எழுதணும்."

"பஸ்ல வந்தாங்க சார்."

"எந்த பஸ்?"

"கவனிக்கலை சார்."

அவர் கையை நீட்டினார். "பெல்ட்டைக் கழற்றும்," என்றார்.

கழற்றினேன். அந்தக் கையில் வைத்தேன்.