சிவப்புக் கோடு, பச்சைக் கோடு

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ஈர விரிப்புகளை இயந்திரத்திலிருந்து இழுப்பவர்களுக்கு, வலி இருக்கும் இடத்துக்குத்தான் இடுப்பு என்று பெயர். நானும் என் ஓரகத்தியும் பத்தொன்பது வருடமாக இழுக்கிறோம். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். அக்கா என்று கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே ஷிஃப்ட். அவளுக்கு மாதவிலக்கு தானாக நின்றது, எனக்கு ஆபரேஷனில் நின்றது. கர்ப்பப்பையை எடுத்து நான் படுத்திருந்த இரண்டு மாதமும் என் வேலையையும் அவள்தான் சேர்த்து இழுத்தாள்.

போன வருடம் அக்கா ஈரத் தரையில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்பு மெலிகிறது, இன்னொரு முறை விழுந்தால் இடுப்பே போகலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் மாடியில் ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடினார்கள். மாதவிலக்கு நின்ற பெண்கள், ஒரு வருடம், தினம் ஒரு பாக்கெட் பொடி. நாங்கள் இருவரும் சேர்ந்தோம்.

"குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுக்கு இந்த நார்ச்சத்து சாப்பாடு. அதுங்க நல்லா இருந்தா, நாம சாப்பிடற கால்சியம் உடம்புல ஒட்டும்னு நினைக்கிறோம். நிஜமான்னு பார்க்கத்தான் இது," என்றாள் அங்கிருந்த நர்ஸ். பாதிப் பேருக்கு நார்ச்சத்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. நார்ச்சத்தால் சிலருக்கு வயிறு ஊதும் என்றாள். எனக்குச் சிவப்புக் கோடு போட்ட பாக்கெட், அக்காவுக்குப் பச்சை. ஐம்பத்தாறு வயதில் நாங்கள் சோறு போட்டு வளர்க்க வேண்டியவர்களில் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் என் வயிறு ஊதியது. ஷிஃப்ட் முழுக்க நான் யாருக்கும் முதுகைக் காட்டாமல் சுவரோரமாகவே நடந்தேன். அக்காவுக்கு ஒன்றுமில்லை.

"நமக்குத்தான் கல்லைத் தின்னாலும் செரிக்குமே," என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிஜப் பொடி எனக்கு வந்திருக்கிறது, கை முறிந்தவளுக்கு மாவு. சொன்னால் அக்கா வாங்கிக்கொள்ள மாட்டாள். குழம்பில் கடைசிக் கரண்டியைக்கூட எனக்கே தள்ளுகிறவள். காலையில் இரண்டு டம்ளரிலும் பொடி கலக்குவது நான். அவள் எழுந்து வருவதற்குள் சிவப்பை அவள் டம்ளரிலும் பச்சையை என் டம்ளரிலும் கொட்டினேன். ஒரு வருடம், ஒரு நாள் தவறாமல். அடுத்த வாரமே என் வயிறு அடங்கியதும், நம் கணக்கு சரிதான் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

நேற்று கடைசி எலும்பு ஸ்கேன் முடிவு. நர்ஸ் ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தாள். கலந்துகொண்ட எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு நிஜப் பொடி இலவசமாம். பெட்டி நிறையப் பச்சைக் கோடு.

"பச்சைதான் நார்ச்சத்து," என்றாள் நர்ஸ் என்னைப் பார்த்து. "ஆனா பாருங்க, மாவு குடிச்ச உங்களுக்கு எலும்பு அப்படியே இருக்கு. நார்ச்சத்து குடிச்ச இவங்களுக்கு நல்லாவே குறைஞ்சிருக்கு. ரெண்டு பேரை வச்சு எதுவும் சொல்ல முடியாது. ஆனா இவங்க இனிமே மருந்து எடுத்துக்கணும், வெயிட்டு தூக்கவே கூடாது."

"எனக்கு வயிறு ஊதிச்சே?"

"மாவு குடிச்சவங்க நிறைய பேருக்கு ஊதிச்சும்மா. ஊதும்னு பயந்தாலே ஊதும்."

அக்கா என் தோளைத் தட்டினாள். "விடு. உனக்காவது எலும்பு நிக்குதே, அது போதும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டம்ளர் மாற்றியதைச் சொன்னேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"உங்க ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலேருந்து எடுக்கணும்," என்றாள். "ஒரு வருஷம் வீணாப்போச்சு."

 அக்கா படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக இறங்கினாள். நான் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டி."

"கேட்டா நீ குடிச்சிருக்க மாட்டேக்கா."

"மாட்டேன்தான்," என்றாள். முறிந்து ஒட்டிய கையை நீட்டி என்னிடமிருந்து பெட்டியை வாங்கப் பார்த்தாள். வெயிட்டு தூக்கக் கூடாது என்பது நினைவு வந்து, கையை மடக்கிக்கொண்டாள்.

"நாளையிலேருந்து டம்ளர் ரெண்டையும் நான் கலக்கறேன்," என்றாள்.