கையா, வாயா?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. என் பிறந்தநாளுக்கு வேறு யாரும் கேக் வாங்கித் தரமாட்டார்கள் என்பதால் நானே வாங்கப் போயிருந்தேன். பேக்கரிக்காரர் தன் மனைவியிடம், "நேத்து நீ திட்டினதுல பாதி புரியல. இன்னொரு தடவை திட்டேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். கேக்கை மறந்து, கதையோடு வீடு திரும்பினேன்.

2

முதல் தொடக்கம்: காற்றில் ஆடும் இலையைப் போல அவர் கை நடுங்கிக்கொண்

இதை அந்த மனைவியிடமே படித்துக் காட்டினேன். "இலைக்கு என்ன வந்துச்சு? அது கேக்குல பேரு எழுதணுமா?" என்றார். அந்த வரியை அடித்துவிட்டேன்.

சரி, உள்ளதைச் சொல்கிறேன். கேக்குகளில் பெயர் எழுதுவது அவர் வேலை. எல்லோருக்கும் அவர் கேக்கக்கா. சும்மா இருக்கும்போது ஆடாத கை, க்ரீம் பையைத் தூக்கினால் ஆடும். (வேலை என்றால் என் கையும் ஒத்துழைக்காது. அதற்குப் பெயர் சோம்பல்.) மாத்திரைகள் கைவிட்டபின், டாக்டர் அவர் மூளைக்குள் ஒரு மெல்லிய கம்பியை வைத்தார். அதற்கு மின்சாரம் கொடுக்க நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு பேட்டரி. ஆபரேஷன் நடக்கும்போதே, கை நடுக்கம் நிற்கிறதா என்று பார்க்க, விழித்திருந்த அக்காவை வட்டம் போடச் சொன்னார்கள். வட்டம் போட்டார். பழக்கதோஷத்தில் அதைச் சுற்றி ரோஜாப்பூவும் போட்டார்.

3

இங்கேயே முடித்திருந்தால் எனக்கும் சுகம். ஆனால் இதெல்லாம் நடந்து பத்து வருஷமாகிறது. நடுக்கம் மெல்லத் திரும்பி வந்தது.

"இது இன்னும் வேலை செய்யுமா டாக்டர்?"

"செய்யும்மா. ஆனா முதல் வருஷம் மாதிரி இருக்காது."

"கல்யாணமும் அப்படித்தானே டாக்டர்" என்றார் கணவர். அக்கா பார்த்த பார்வையில் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் மின்சாரத்தைக் கூட்டினார். கை அசையாமல் நின்றது, நாக்கு குழறியது. குறைத்தார். நாக்கு தெளிந்தது, கை ஆடியது.* கடைசியில், அக்காவின் கையிலேயே ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார். ஒரு பொத்தான் கைக்கு, ஒரு பொத்தான் வாய்க்கு. எப்போது எது வேண்டுமோ அதை அழுத்திக்கொள்ளலாம்.

*நடுவில் வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் அரைகுறையானது.

4

கணவர்மேல் எனக்குச் சந்தேகம். கடை முதலாளி கைப் பொத்தானைத்தானே கேட்க வேண்டும்? அப்படியே எழுதிப் பார்த்தேன்: "எனக்கு வியாபாரம்தான் முக்கியம்!" என்று அவர் உறுமி

உறுமமாட்டேன் என்கிறார். அவர் சொன்னது இதுதான்:

"எழுத்து கோணினா பூ வச்சு மறைச்சுடலாம். நீ பேசறது புரியலன்னா நான் என்ன பண்ணுவேன்?"

சிரிப்புக் கதை எழுத வந்த நான் பேனாவை மூடிவிட்டேன். அக்கா வாயை மூடவில்லை. அப்போது வாய்ப் பொத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"என் எழுத்தை மறைக்கறதா? நீங்க பூ வைக்கறதுக்கா நான் மண்டையில கம்பியோட அலையறேன்?"

5

முடிவு ஒன்று: அக்கா எழுத்தை விட்டுவிட்டுப் பேசுகிறார். கணவருக்குச் சந்தோஷம், அக்காவுக்கு இல்லை. கிழித்தேன்.

முடிவு இரண்டு: புதுக் கருவி வந்து எல்லாம் சரியாகிவி

பொய். கிழித்தேன்.

6

மறந்த கேக்கை வாங்க இன்று போனேன். அக்கா கைப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தார். என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், நேர் நேரான எழுத்தில், கணவருக்கு வசவு. அடுப்பை அணைக்க மறந்தது, டாக்டர் முன்னால் மானத்தை வாங்கியது, பூ வைக்கிறேன் என்றது, எல்லாம் வரிசையாக.

கணவர் குனிந்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். "அப்புறம்?" என்றார். கேக்கில் ஓரமாகக் கொஞ்சம் இடம் இருந்தது. அக்கா இன்னொரு வரி எழுதினார். அதைப் படித்த மனிதர் வெகுநேரம் நிமிரவே இல்லை. அடுப்பில் பன் கருகிப் புகைந்தது.

நான் எட்டிப் பார்ப்பதற்குள், அந்தக் கடைசி வரியின் மேல் மட்டும் அக்கா ஒரு பெரிய க்ரீம் ரோஜாவை வைத்து மறைத்துவிட்டார்.

கேக் இப்போது என் மேசையில் இருக்கிறது. அந்த ரோஜாவை எடுக்க எனக்குக் கை வரவில்லை. கத்தி உங்கள் பக்கம்தான் இருக்கிறது.